இருநூற்று நாற்பது கிராம்

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்துவிட்டால் ஆறு கிராம் குறையும். மிச்சமிருக்கும் பாதியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தாராளமாகப் பல் துலக்கலாம். நான் நாலு வருடமாகத் துலக்குகிறேன். நேற்று இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ஏட்டு கூட வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வருத்தமில்லை. முதல்முறை கேட்கிற எல்லோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். இங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள். அதில் சர்க்கரை கொஞ்சம் அதிகம், பாதியில் வைத்துவிட்டேன்.

என் பெயர் செங்கோடன். வயது நாற்பத்து நான்கு. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் அச்சுப் பிரிவு மேஸ்திரி. மரத்தில் நாங்கள் செய்து கொடுக்கிற அச்சை மண்ணில் பதித்துத்தான் இரும்பு ஊற்றுவார்கள். எந்த இடத்தில் இரும்பு சும்மா தடித்துக் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அச்சில் அந்த இடத்தைச் சீவி விடுவது என் வேலை. ஒரு பம்பில் நானூறு கிராம் குறைத்ததற்காக ஒருமுறை எனக்கு மாலை போட்டார்கள். ஈரப் பூ மாலை எப்படியும் ஒரு கிலோ இருக்கும். கேட்டுக்கு வெளியே வந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

எனக்குப் பாரம் பிடிக்காது. பிடிக்காது என்பது சாதாரணச் சொல், குமட்டும். காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஒரே ஒரு நாள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நாலு பை, இரண்டு ஒயர் கூடை, ஒரு அட்டைப் பெட்டி, அதன் மேல் வாழைத்தார் என்று கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கயிறு விரலை அறுக்கும். வேர்வை கழுத்தில் வழிந்து ஜாக்கெட்டில் இறங்கும். அந்த வேர்வைக் கையாலேயே பையைப் பிரித்து முறுக்கு எடுத்துத் தின்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். பித்தளை அண்டா, இரும்புப் பீரோ, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டை விட்டு அனுப்பினேன். என் மனைவி லோகப்பிரியா இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் அவளுடைய கல்யாணப் புடவைகளில் ஆறை எடுத்து ஒரு பழந்துணிக்காரருக்குக் கொடுத்தேன். "அடுத்தது நாந்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். அவள் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. வீடு நன்றாக எதிரொலித்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது தொண்ணூற்றிரண்டில். அதில் ஒரு வெள்ளைக்காரர் முதுகில் ஒரு தலையணை அளவுப் பையோடு மலை மேல் நிற்கிறார். அந்தப் பைக்குள் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தார்கள். படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உலகத்தில் இன்னொருவன் இருக்கிறான் என்று தோன்றியது.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நாகூர் மீரானிடம் போனேன். காந்திபுரத்தில் குடையும் பையும் தைக்கிற கடை வைத்திருக்கிறார். பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குடைத் துணியிலேயே ஒரு முதுகுப்பை தைத்துக் கொடுத்தார். வெறும் பை நூற்றெண்பது கிராம். "மடிச்சா சட்டப் பையில வெச்சுக்கலாமுங்க" என்று அவரே ஆச்சரியப்பட்டார். அடுத்த மாதம் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கிளம்ப ஆரம்பித்தோம். காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள். பெரியநாயக்கன்பாளையத்தில் டிபன். அங்கிருந்து மேற்கே திரும்பி மலையடிவாரம் வரை இன்னும் ஆறு கிலோமீட்டர். அங்கே பூவாத்தாள் என்கிற அம்மா தோட்டத்துச் சாளை வீட்டில் குடியிருக்கிறார்; ஆடு மாடு வளர்க்கிறார். அவருடைய மாட்டுக் கொட்டகையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மலை ஏறுவோம். பொழுது சாய்வதற்குள் இறங்கி, திரும்பச் சைக்கிள். என் சைக்கிளில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, செயின் கவர், மணி ஒன்றும் கிடையாது. மணிக்குப் பதிலாக நான் "ஹோய்" என்பேன். ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை நிறுத்த ஒரு சுவர் தேட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இது உங்கள் விசாரணைக்கு முக்கியம் என்பதால் சரியாக எழுதுகிறேன். கொட்டகை விட்டத்தில் ஒரு ஸ்பிரிங் தராசு மாட்டியிருந்தேன். மலை ஏறும் முன் எல்லாப் பைகளையும் அதில் தொங்கவிடுவோம். எந்தப் பை கனமோ அதிலிருந்து ஒரு பொருளை, மிகக் குறைந்த எடைப் பைக்காரர் எடுத்துவிடுவார். என்ன எடுத்தார் என்று சொல்ல மாட்டார். அதைக் கொட்டகைப் பரணில் வைத்துவிடுவார். பைக்குச் சொந்தக்காரர் உச்சிக்குப் போகும் வரை பையைத் திறக்கக் கூடாது. அங்கே போய்த் திறந்து, என்ன இல்லை என்று தேடித் தவிப்பார். அது இல்லாமலும் ஏறி வந்துவிட்டோமே என்று அவருக்கே விளங்கும். இதற்கு 'இறக்கம்' என்று பெயர் வைத்திருந்தோம். விதி என்னுடையது. எடுக்கிறவனும் எப்போதும் நான்தான், ஏனென்றால் என் பைதான் எப்போதும் லேசானது.

கிருபாசங்கர் எங்களோடு சேர்ந்தது தொண்ணூற்று நாலு ஆடி மாதம். பாய் கடைக்கு எதிரே டேப்ரெக்கார்டர் விற்கிற கடை அவருடையது. முப்பத்தெட்டு வயது. நல்ல மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. முதல் வாரம் பதினோரு கிலோ பையோடு வந்து நின்றார். தராசு முள் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்து அவரே கை தட்டினார். உள்ளே மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்கு, டிரான்சிஸ்டர், விரிப்பு, ஒரு தலையணை. தலையணை, ஐயா.

அவரைப் பற்றி எழுதும்போது கூட எனக்கு உடம்பு கூசுகிறது. மலையில் பத்து அடிக்கு ஒரு தரம் நின்று துண்டால் மார்பைத் துடைப்பார், அந்தத் துண்டையே பிழிவார். தூக்கைத் திறந்தால் புளிச்சோற்று எண்ணெய் விரல் வழியே மணிக்கட்டு வரை ஓடும். அதை நக்குவார். சாப்பிட்டு முடித்ததும் பாறையில் மல்லாந்து படுத்து, சட்டையைத் தூக்கி வயிற்றுக்குக் காற்று வாங்குவார். வெள்ளையாக, மேடாக, தொப்புளைச் சுற்றி ஊசிக் குத்துகளோடு அந்த வயிறு ஏறி இறங்கும். நான் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். முடிந்ததில்லை.

ஆனால் பாய்க்கு அவரைப் பிடித்துப்போனது. நாங்கள் இருவரும் மட்டும் போனபோது உச்சியில் ஐந்து நிமிடம் நிற்போம். ஆளுக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை, இரண்டு மடக்குத் தண்ணீர், இறங்கிவிடுவோம். கிருபா வந்த பிறகு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பாய் அவர் தூக்கிலிருந்து சோறு எடுத்துச் சாப்பிடுகிறார், பாட்டுக் கேட்கிறார், சிரிக்கிறார். பூவாத்தாள் கூட நாங்கள் வந்தால் முதலில் "கிருபாத் தம்பி வல்லீங்களா?" என்றுதான் கேட்பார். இரண்டு வருடம் நான் ஓட்டிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமையின் மேல் அவர் வந்த வேகத்தில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டார்.

இறக்கத்தில் நான் ஒவ்வொரு வாரமும் அவருடைய பொருளில் ஒன்றை எடுத்தேன். அவருக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. வேண்டுமென்றே முறுக்கு டின், பூதக்கண்ணாடி, ஒருமுறை ஒரு முழுத் தேங்காய் என்று கொண்டு வருவார். உச்சியில் பையைக் கொட்டித் தேடிவிட்டு, "அண்ணன் தேங்காயக் காவு வாங்கிப்போட்டாருங்க பாய்" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். என் விதியை அவர் ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டார்.

அவர் பையில் ஒரு டப்பா உண்டு, அதை மட்டும் நான் இறக்கியதே இல்லை. அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் அலைந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அதற்காக ஒரு சிறு தகர டப்பாவில் சர்க்கரை வைத்திருப்பார். அவர் மனைவி சண்முகப்ரியா என்னை ஒரு நாள் கடை வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"அண்ணா, அவரு சொன்னாக் கேக்க மாட்டாருங்க. அந்த டப்பா மட்டும் பையில இருக்குதான்னு நீங்க பாத்துக்கோணுமுங்க. கை நடுங்கும், வேர்த்து ஊத்தும், சும்மா கோவம் வரும், அப்புறம் பேச்சுக் கொளறும். அப்ப உடனே குடுத்துரோணும். மயங்கிட்டாலும் கன்னத்துக்குள்ள ஒரு சிட்டிகை வெச்சுத் தேச்சு உடச் சொல்லியிருக்காருங்க டாக்டரு."

"சரிம்மா" என்றேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஒன்றரை வருடம், ஒவ்வொரு ஞாயிறும், பையில் டப்பா இருக்கிறதா என்று பார்த்தவன் நான்தான். சர்க்கரையோடு எடை போட்டு வைத்திருந்தேன். இருநூற்று நாற்பது கிராம். மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒட்டும். சில நாள் எறும்பு இருக்கும். அதைத் தொட்ட கையை வேட்டியில் துடைக்க மாட்டேன், மண்ணில் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். இந்த ஒன்றரை வருடத்தையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பிப்ரவரி நாலாம் தேதிக்கு வருகிறேன்.

அது ரம்ஜான் மாதம். பாய் நோன்பு. "வீட்ல உக்காந்து மணியப் பாக்கறதுக்கு உங்ககூட வந்தாப் பொழுது போயிருமுங்க" என்று வந்திருந்தார். அவர் பையில் சோறு தண்ணீர் ஒன்றுமில்லை, ஒரு கயிறும் ஒரு மழைச் சீலையும் மட்டும். நோன்பு முடிகிற வரை அவர் பையைத் தராசுப் போட்டியில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். டிபன் கடையில் அவர் வெளியே சைக்கிளோடு நின்றுகொண்டார். உள்ளே கிருபாவும் நானும். அவர் வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுகிறவர். அன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாவதற்குக் கை உயர்த்தினார், நான் பார்த்தேன், கையை இறக்கிக்கொண்டார். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டகையில் என் பையைத் தொங்கவிட்டேன். மூன்று கிலோ நூறு கிராம். மழைச் சீலை, ஸ்பிரிட் அடுப்பு, முதலுதவித் துணிகள், தண்ணீர், பொட்டுக்கடலை, எல்லாம் சேர்த்து. கிருபா தன் பையைக் கொண்டுவந்து மாட்டினார். புதுப் பை, பாயிடம் சொல்லி என்னுடையது மாதிரியே குடைத் துணியில் தைத்துக்கொண்டிருக்கிறார். முள் இரண்டு கிலோ எண்ணூற்று ஐம்பதில் நின்றது.

பாய் சிரித்தார். பூவாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தவர், "என்னுங்க தம்பி, இன்னைக்கு ஆரு செயிச்சது?" என்றார். கிருபா சின்னப் பையன் மாதிரிக் குதித்தார். தூக்கு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை, தலையணை இல்லை. மூன்று வாரம் ஒளித்து வைத்துத் தயார் செய்தாராம். "எல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்ததுங்க" என்றார். பையில் தண்ணீரும் துண்டும் சட்டையும் அந்த டப்பாவும்தான். மத்தியானச் சோற்றைப் பூவாத்தாளிடம் கொடுத்து வைத்துவிட்டார், இறங்கி வந்து சாப்பிட. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

விதிப்படி என் பையிலிருந்து அவர் ஒன்றை இறக்க வேண்டும். "வேண்டாமுங்க, அண்ணன் பைய நானெப்படித் தொடறது" என்று முதலில் தயங்கினார். பாய் விடவில்லை. கிருபா கையை உள்ளே விட்டுத் துழாவினார். அந்தக் கை ஈரமாக இருந்தது, என் பொருள்கள் மேல் எல்லாம் பட்டது. எதையோ எடுத்தார். ரகசியமாக வைத்திருக்க வேண்டியதை, அடக்க முடியாமல் உயர்த்திக் காட்டிவிட்டார். என் பிரஷ்.

"ஏனுங்ணா, காலைல போயிட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வந்துருவோம். மலை மேல பல்லு வெளக்கறதுக்கா இதைத் தூக்கிட்டு வாரீங்க நாலு வருசமா?"

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பூவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இத்தினியூண்டுல எப்புடித்தான் வெளக்கறீங்களோ சாமி" என்றார். கிருபா தராசைப் பார்த்து, "ஆறு கிராம் எறங்கிருச்சுங்க" என்று அறிவித்தார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. பிரியத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஒருநாள் நடைக்குப் பிரஷ் எதற்கு என்று எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

அவர்கள் மூவரும் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்கு ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தில் கிருபாவின் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

இதை நான் முதல்நாள் உங்களிடம் 'இறக்கம்' என்று சொன்னேன். அது சரியல்ல. அவர் பை கனமான பை இல்லை. விதிப்படி அதில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. திருத்திக்கொள்கிறேன். ஆனால் என் நியாயத்தைக் கேளுங்கள். அவர் உண்மையில் லேசாகவில்லை. ஒரு டப்பாவை நம்பிக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர். அந்த இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது ஒரு ஏமாற்று எடை. டப்பா இல்லாமல் உச்சிக்கு வந்தால் வரட்டும், அப்போது நானே அவருக்குக் கை கொடுத்துப் பாராட்டுவேன். வர முடியாவிட்டால் அவரே தெரிந்துகொள்ளட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

நாங்கள் ஏறியது பாலமலைப் பக்கம், எங்களுக்குள் 'மொட்டை' என்று சொல்கிற குன்று. கொட்டகையிலிருந்து இரண்டு மணி நேரம். முதல் முக்கால் மணி நேரம் கிருபா எனக்கு முன்னால் நடந்தார். லேசான பை அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பித் திரும்பி, "முதுகுல ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்குதுங்ணா" என்றார். ஒன்றரை மணி நேரத்தில் வேகம் குறைந்தது. சட்டை முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தார். கை நடுங்கியது.

பாய் "என்னாச்சுங்க?" என்றதற்கு, "என்னைய என்ன கேள்வி கேக்கறே நீ?" என்று கத்தினார். கிருபாசங்கர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. சண்முகப்ரியா சொன்ன வரிசை அப்படியே வந்துகொண்டிருந்தது. நடுக்கம், வேர்வை, கோபம். எனக்கு அது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று முதல்நாள் நான் சொல்லி நீங்கள் எழுதிக்கொண்டதையும் அடித்துவிடுங்கள்.

பாய் அவர் பையைத் திறந்து கொட்டினார். துண்டு, சட்டை, தண்ணீர். "அண்ணா, டப்பா எங்கீங்க?" என்று என்னைப் பார்த்தார்.

"பரணில் இருக்கிறது. இறக்கத்தில் எடுத்துவிட்டேன்" என்றேன்.

பாய் திட்டவில்லை. "அவரைப் பாத்துக்கோங்க, நான் ஓடி எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். நோன்பு வைத்திருந்த மனிதர், விடியலுக்கு முன் சாப்பிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சரளை சரியச் சரிய அவர் இறங்கி ஓடிய சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. போக முக்கால் மணி, திரும்ப ஏற ஒன்றேகால் மணி. ஓடுகிறவரைப் பற்றி எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டு.

நானும் கிருபாவும் மட்டும் இருந்தோம். நான் அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். என் பொட்டுக்கடலையில் ஒரு பிடி கொடுத்தேன். அவருக்கு மெல்லத் தெரியவில்லை. வாயில் மாவாகிப் பல்லிலும் உதட்டிலும் அப்பி, எச்சிலோடு தாடையில் வழிந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "டப்பா, டப்பா" என்றார். குழறிய நாக்கில் அது வேறு ஏதோ சொல் மாதிரிக் கேட்டது. அவர் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வேட்டி நனைந்து நாற்றம் வந்தது. நான் எழுந்து காற்று வருகிற பக்கமாகப் பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

சாய்ந்துகொள்ள என் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். டப்பாவின் விளிம்பு முதுகெலும்பில் உறுத்தியது. கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

ஆமாம். பரணில் இல்லை. பரணில் எதையும் வைக்கவே இல்லை. எடுத்த கையோடு என் பையில்தான் போட்டேன். உச்சியில் எல்லோர் முன்னிலும் எடுத்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

'பாய் போன பிறகாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே' என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். பதில் தெரியாமல் இல்லை. எழுதினால் சரியாக வரும் என்றுதான் பொறுத்தேன். ஒரு சிட்டிகை கன்னத்தில் தேய்த்திருந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார். கிருபா கோபப்படுகிற ஆள் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க பையிலயேவா இருந்துச்சுங்ணா?" என்று சிரிப்பார். அவர் சிரித்தால் பாயும் சிரிப்பார். கொட்டகையில் தராசு தொங்குகிறது. என் பையை வாங்கி மாட்டுவார்கள். மூன்று கிலோ முந்நூற்று முப்பத்து நாலு. என் வாழ்க்கையில் அத்தனை கனத்தை நான் மலை மேல் தூக்கியதில்லை. அதுவும் எறும்பு மொய்த்த சர்க்கரை. சாயங்காலத்துக்குள் காந்திபுரம் முழுக்கத் தெரிந்துவிடும். நீங்கள் ஒரு பிரஷ்ஷுக்கே எப்படிச் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் செத்துவிடுவார் என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். சுமார் ஒன்றரை மணி நேரம். கடைசி அரை மணி நேரம் அவரிடமிருந்து சத்தமில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன், மூச்சு நின்றிருந்தது. அப்போது டப்பாவைத் திறந்து, சர்க்கரையைப் பாறைக்குப் பின்னால் கொட்டினேன். காலி டப்பாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல டப்பா, மூடி இறுக்கம். தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டில் சிறு ஆணிகள் போட்டு வைத்திருந்தேன். அதைத்தான் நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்கள்.

பாய் திரும்பி வந்தபோது அவர் உதடு வெடித்திருந்தது. பரணில் டப்பா இல்லை என்றதும் பூவாத்தாள் தன் வீட்டு வெல்லத்தை உடைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். கிருபா பக்கத்தில் மண்டி போட்டு, வாயைத் திறந்து, வெல்லத்தை உள்ளே வைத்துக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பாய், விடுங்கள்" என்று நான்தான் தோளைத் தொட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உங்களிடம் வந்து சொன்னவர் அவர்தான் என்று தெரியும். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

பூவாத்தாள் அனுப்பிய நாலு பேர் இரண்டு மூங்கிலில் மழைச் சீலையைக் கட்டி அவரைச் சுமந்து இறங்கினார்கள். எண்பது கிலோவுக்குக் குறையாது. வழி முழுக்கத் தோள் மாற்றி மாற்றித் தவித்தார்கள், ஒருவருக்கு முழங்காலில் தோல் பெயர்ந்தது. கிருபாவின் பையை எடுக்க யாருக்கும் நினைவில்லை, பாறை மேலேயே கிடந்தது. நான்தான் எடுத்து, என் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு கொட்டகை வரை கொண்டுவந்து, தகவல் தெரிந்து அங்கே வந்திருந்த சண்முகப்ரியாவின் கையில் ஒப்படைத்தேன். அவருக்காகக் கடைசியில் ஒரு பாரத்தைச் சுமந்தவன் நான் என்பதையும் இந்த வாக்குமூலத்தில் தவறாமல் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.